காரை விற்றுவிட்டு 2 வருஷம் வண்டியே இல்லாமல் இருந்தால் என்சிபி போய்விடுமா?

பள்ளத்தூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி காரைப் பற்றி இல்லை, அதன் இன்சூரன்ஸில் வரும் என்சிபி பற்றி, அதாவது கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி.

என்னிடம் 2016 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. டிஎன் 63 நம்பர், நான்தான் முதல் ஓனர். பெங்களூரில் பையன் வீட்டுக்கு நானும் வீட்டு ஆச்சியும் மாசியில் போகிறோம். பேரப்பிள்ளை ஸ்கூலுக்குப் போகும் வரைக்கும் அங்கேதான், குறைந்தது 2 வருஷம். அவன் அபார்ட்மென்டில் ஒரு காருக்குத்தான் இடம், அதில் அவன் வண்டி நிற்கிறது. இங்கே பின்வாசல் தெருப் பக்கம் கார் கொட்டகை இருக்கிறது, ஆனால் 2 வருஷம் பூட்டிப் போட்டால் வண்டி என்ன கதிக்கு வரும் என்று ஊரில் பத்து வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் விற்றுவிடலாம் என்று முடிவு. கண்டனூர்த் தம்பி ஒருவர் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மார்கழியில் வண்டி எடுக்க மாட்டேன், தை பிறந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நியாயம்தான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், பாலிசி ஜனவரி 28 வரை இருக்கிறது. அதில் என்சிபி 45 சதவீதம் என்று போட்டிருக்கிறது. முன்பு ஒரு மழைக்காலத்தில் குன்றக்குடி ரோட்டில் புளியங்கிளை முறிந்து பானெட்டில் விழுந்து ஒரு கிளெய்ம் போட்டதில் எல்லாம் சைபருக்கு வந்தது. அதற்கப்புறம் 4 வருஷம் ஒரு பைசா கேட்கவில்லை, இது ஐந்தாவது வருஷம். போன வருஷம் கல்லுக்கட்டியில் ஒரு ஷேர் ஆட்டோ பின்னால் வந்து பம்பரை இடித்துவிட்டுப் போனான். என்சிபிக்காகவே 4,200 ரூபாய் கையிலிருந்து கொடுத்து டிங்கரிங் பார்த்தேன்! அப்படிக் கட்டிக் காத்த தள்ளுபடி இது.

நம் ஊர் புரோக்கர் சொல்கிறார், "பாலிசி வண்டியோடு போகும், என்சிபியும் கூடவே போகும், அதையும் சேர்த்துத்தானே விலை பேசியிருக்கு" என்று. சித்தப்பா மகன் சொல்கிறான், "வண்டியை விற்காதே, தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) மட்டும் போட்டு வைத்தால் என்சிபி உயிரோடு இருக்கும்" என்று. இன்னொருவர், கார் இல்லாவிட்டால் 90 நாளில் எல்லாம் காலி என்கிறார். மூன்று பேரும் அடித்துச் சொல்கிறார்கள்.

கேள்வி 1: திரும்பி வந்து வேறு கார் வாங்கும்போது இந்த 45 எனக்குக் கிடைக்குமா, கிடைக்க இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி 2: ஜனவரி 28 வரை பொறுத்து, ஐந்தாவது வருஷத்தையும் முடித்துவிட்டு விற்றால் 50 ஆகுமா? அந்தத் தம்பியைப் பொறுக்கச் சொல்லலாமா?

இன்னொன்று, அடுத்த காரைப் பையன் பெயரில் வாங்கலாம் என்று ஒரு யோசனை. அதில் ஏதாவது மாறுமா?

தேவகோட்டை ரஸ்தா:

அண்ணே, நான் 17 வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை பார்க்கிறேன். உங்களுக்குச் சொன்ன மூன்று பேரில் ஒருவர் சொன்னதும் முழுசாகச் சரியில்லை.

முதலில் புரோக்கர் சொன்னது. என்சிபி வண்டிக்குக் கொடுத்தது இல்லை, உங்களுக்குக் கொடுத்தது. வண்டி யாரிடம் போனாலும் தள்ளுபடி உங்களோடுதான் இருக்கும். வாங்குகிறவர் உங்கள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அது அவர் உரிமை, ஆனால் அப்படி மாற்றும்போது மிச்சமிருக்கும் நாளுக்கு உங்களுக்குக் கொடுத்த 45 சதவீதத் தள்ளுபடியை விகிதக் கணக்குப் போட்டு அவரிடம் கம்பெனி வசூலித்துக்கொள்ளும். அதாவது அவருக்கு என்சிபி கிடையாது. "அதையும் சேர்த்து விலை பேசியிருக்கு" என்றால் உங்களிடம் இல்லாத சரக்கை விற்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது, தேர்ட் பார்ட்டி. என்சிபி என்பது ஓடி (ஓன் டேமேஜ்) பிரீமியத்துக்கு மட்டும் உள்ள தள்ளுபடி, நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கட்டுகிற பகுதி. தேர்ட் பார்ட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் 10 வருஷம் கட்டினாலும் என்சிபி ஒரு சதவீதம்கூட ஏறாது, இருப்பதைக் காப்பாற்றவும் செய்யாது.

மூன்றாவது, 90 நாள். அது வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு. முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் என்சிபி போய்விடும். உங்கள் கதை வேறு. வண்டியை விற்றுவிட்டு உடனே வேறு வாங்காதவர்களுக்கு 3 வருஷம் அவகாசம் உண்டு. பழைய பாலிசி முடிந்த தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் அதே வகை வண்டிக்கு, அதாவது காருக்குக் கார், புது பாலிசி எடுத்தால் சேர்த்து வைத்த சதவீதம் அப்படியே கிடைக்கும். 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபிலேயே (வண்டி இன்சூரன்ஸ் விதிப்புத்தகம்) இருக்கிற விதி இது. 2007-ல் ஓடி பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்று விட்டபிறகும் என்சிபி அட்டவணை அதேதான், கிளெய்ம் இல்லாத வருஷம் ஏற ஏற: 20, 25, 35, 45, 50. அதற்கு மேல் கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது, வண்டி கைமாறியதும் உங்கள் கம்பெனியில் என்சிபி ரிசர்விங் லெட்டர் எழுதிக் கேட்டு வாங்குவது. சிலர் என்சிபி சர்டிஃபிகேட் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இதற்கு பாலிசி நகல், கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, ஃபார்ம் 30 (பெயர் மாற்றத்துக்கான ஆர்டிஓ படிவங்கள்) நகல், விற்றதற்கான ரசீது, பெயர் மாறிய ஆர்சி நகல், உங்கள் அடையாள அட்டை, ஒரு விண்ணப்பம் வேண்டும். சில இடத்தில் ஃபார்ம் 29, 30 போதும் என்பார்கள், சில இடத்தில் ஆர்சியில் பெயர் மாறினால்தான் தருவேன் என்பார்கள். ஆகவே ஆர்சி மாறிய நகலை அந்தத் தம்பியிடம் வாங்காமல் பெங்களூர் ரயில் ஏறாதீர்கள். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு கண்டனூருக்குப் போன் போட்டு "தம்பி, ஆர்சி போட்டோ அனுப்புப்பா" என்று ஆறு மாசம் கெஞ்சியவர்கள் என் கஸ்டமரிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி 2: ஆமாம், வருஷம் முழுசாக முடிந்தால்தான் அடுத்த படி. தை பிறந்ததும் ஜனவரி 16-ல் விற்றால் கடிதத்தில் 45. ஜனவரி 28 தாண்டி, கிளெய்ம் இல்லாமல் பாலிசி முடிந்தபின் விற்றால் 50. பொறுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

பையன் பெயரில் வாங்கினால் இந்தக் கடிதம் செல்லாது. என்சிபி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் புது வண்டியும் பாலிசியும் இருக்க வேண்டும். ஓனர் காலமாகி, வண்டி மனைவி, பிள்ளை அல்லது பெற்றோர் பெயருக்கு மாறினால் மட்டும் வண்டியோடு சேர்த்து என்சிபியும் வாரிசுக்குப் போகும். உயிரோடு இருக்கும்போது அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

வளவு வீட்டுக்காரர்:

ரஸ்தா அண்ணன் சொன்ன அந்த 90 நாளில் மாட்டியவன் நான். என் கதையைக் கேட்டுவிட்டு, கொட்டகையில் விட்டுப்போகலாம் என்று நினைக்கிறவர்கள் முடிவு பண்ணட்டும்.

எங்கள் வீடு கொத்தமங்கலத்தில். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு, நடுவில் நாலு கட்டு. சின்னவள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போய் 7 மாசம் இருந்துவிட்டோம். கார் பின்கட்டுக் கொட்டகையில். ஓட்டாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ், வந்து கட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். மெசேஜ் வந்தது, பார்த்தேன், விட்டேன். திரும்பி வந்து கொட்டகையைத் திறந்தால் டயர் நாலும் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, பேட்டரி செத்துவிட்டது, பானெட்டைத் தூக்கினால் உள்ளே எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. வயரைக் கடித்துக் கடித்து, அந்தப் பஞ்சை வைத்துக் கூடு கட்டி, அதற்குள் எங்கள் வீட்டுப் புடவைத் துணி ஒன்று. அது எப்படி அங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை, ஆச்சி என்னைத்தான் சந்தேகப்படுகிறாள்.

சரி, அதை விடுங்கள். பாலிசி புதுப்பிக்கப் போனால், 50 சதவீதம் இருந்தது, சைபர் என்கிறான். 90 நாள் தாண்டிவிட்டது சார் என்று ஒரே வார்த்தை. வண்டியை ரோட்டில் எடுக்கவே இல்லையே என்றேன், அதற்கு என்ன சார் அத்தாட்சி என்றான். இருந்ததெல்லாம் எலிக்கூடுதான். அப்புறம் ஆள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகுதான் பாலிசியே கொடுத்தார்கள்.

ஆகவே பள்ளத்தூராரே, விற்பது என்ற உங்கள் முடிவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தேவகோட்டை ரஸ்தா:

வளவு வீட்டுக்காரரே, வயிறு எரிகிறது. உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், பழைய டாரிஃபில் அந்த 3 வருஷ விதி "விற்றால் அல்லது ஓட்டாமல் நிறுத்தி வைத்தால்" என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் நிறுத்தி வைக்கிறேன் என்பதை பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, சீல் வைத்து நகல் வாங்கியிருக்க வேண்டும். வாய்மொழியாகத் திரும்பி வந்து சொன்னால் கவுன்டரில் இருப்பவர் 90 நாளைத்தான் காட்டுவார். ஊரில் முக்கால்வாசி வீட்டில் இப்படி ஒரு வண்டி படுத்துக் கிடக்கிறது, ஒருத்தரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசி இல்லாத வண்டி கொட்டகைக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. "சும்மா பேட்டரி சார்ஜ் ஏற, ஒரு ரவுண்டு" என்று தெருவில் எடுத்தால் தேர்ட் பார்ட்டி இல்லாத குற்றம், முதல் தடவைக்கு அபராதம் 2,000, மறுபடி மாட்டினால் 4,000. அதைவிட, யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுசும் உங்கள் தலையில்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் என்சிபியைப் பெட்டகத்து நகை மாதிரி பேசுகிறீர்கள், எவ்வளவு ரூபாய் என்று யாரும் சொல்லவில்லை. நான் போட்டுப் பார்த்தேன்.

திரும்பி வந்து புது வண்டி வாங்குகிறார் என்று வைப்போம். முதல் வருஷ ஓடி பிரீமியம் 18,000 என்று வையுங்கள், கணக்குக்காகத்தான். 45 சதவீதம் என்றால் 8,100 குறையும், அதற்குண்டான ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 9,558. ஆனால் கதை முதல் வருஷத்தோடு முடியவில்லை. கடிதம் இல்லாமல் வாங்குகிறவன் 0-வில் ஆரம்பித்து 20, 25, 35, 45 என்று ஏறுவான். கடிதம் வைத்திருப்பவர் 45-ல் ஆரம்பித்து அடுத்த வருஷமே 50-க்குப் போய் அங்கேயே நிற்பார். வித்தியாசம் வருஷா வருஷம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120. வண்டி மதிப்பு இறங்க இறங்க ஓடியும் இறங்கும், ஐடிவி (பாலிசியில் போடும் வண்டி மதிப்பு) ஐந்தாவது வருஷத்துக்குள் பாதிக்கு வந்துவிடும், அதையும் கழித்துப் பார்த்தால் மொத்தம் 18,000 பக்கம் நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரு வருஷத்து முழு ஓடி. ஒரு கடிதத்துக்கு மோசமில்லை.

இதே ஆள் திரும்பி வந்து இன்னொரு பழைய ஸ்விஃப்ட்டை 3 லட்சத்துக்கு வாங்கினால் ஓடியே ஐந்தாறாயிரம்தான் இருக்கும், அதில் பாதி என்ன பெரிசாக வந்துவிடப் போகிறது. தேர்ட் பார்ட்டி 1000 சிசிக்கு மேல் 1500 வரை உள்ள காருக்கு 3,416, 2022-ல் அறிவித்த தொகை, அதில் ஒரு பைசா குறையாது. ஆகவே இந்தக் கடிதத்தின் மதிப்பு நீங்கள் அடுத்து வாங்கும் வண்டியின் விலையைப் பொறுத்தது.

இப்போது கேள்வி 2. 45-க்கும் 50-க்கும் வித்தியாசம் முதல் வருஷம் மட்டும்தான், அடுத்த வருஷம் இரண்டு பேரும் 50-ல் நிற்பார்கள். 18,000-ல் 5 சதவீதம் 900, வரியோடு 1,062. அதுவும் 2 வருஷம் கழித்துக் கிடைக்கப் போகிற 1,062. அதற்காக அட்வான்ஸ் கொடுத்த ஆளைத் தை மாசம் 12 நாள் காக்க வைப்பீர்களா? அந்தப் பன்னிரண்டு நாளில் இன்னொரு ஷேர் ஆட்டோ வந்து இடித்தால்? கேட்ட விலைக்கு ஆள் கிடைப்பதுதான் இந்த ஊரில் கஷ்டம். கொடுத்துவிடுங்கள்.

பம்பருக்கு 4,200 கையிலிருந்து போட்டது மட்டும் கணக்குப்படி சரி. அங்கே பாராட்டுகிறேன்.

பள்ளத்தூர்க்காரன்:

கணக்குப்பிள்ளை, 1,062 என்று பார்த்ததும் கொஞ்சம் அசிங்கமாகப் போய்விட்டது. நான் என்னவோ பெரிய தொகை என்று நினைத்து இரண்டு நாளாக அந்தத் தம்பியின் போனை எடுக்காமல் இருந்தேன். இன்றைக்கே கூப்பிட்டு தை 2 என்று சொல்லிவிடுகிறேன்.

ரஸ்தா அண்ணே, பையன் பெயர் விஷயம் நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. என் பெயரிலேயே வாங்குகிறேன். ஓட்டுவது அவனாக இருந்தால் பரவாயில்லைதானே?

தேவகோட்டை ரஸ்தா:

லைசென்ஸ் இருக்கிற யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் அண்ணே. ஆனால் அவன் இடித்துக் கிளெய்ம் போட்டாலும் போவது உங்கள் என்சிபிதான், அதை முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ஈப்போ ரிட்டர்ன்:

இதே சங்கதி எனக்கு வேறு மாதிரி நடந்தது, அயலூரில் இருந்து ஊருக்குத் திரும்புகிற நம் ஆட்களுக்கு உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

மலேசியாவில் இதை என்சிடி என்பார்கள். அங்கே ஆரம்பமே 25 சதவீதம், அப்புறம் 30, 38.33, 45, கடைசியில் 55. நான் 55-ல் இருந்தேன். ஊரோடு வந்துவிடலாம் என்று காரை அங்கே விற்றபோது, கம்பெனியில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி வந்தேன். காரணம், நம் டாரிஃபிலேயே வெளிநாட்டில் சேர்த்த என்சிபியை இங்கே தரலாம் என்று இருக்கிறது, வெளிநாட்டு பாலிசி முடிந்து 3 வருஷத்துக்குள் இங்கே பாலிசி எடுத்தால் போதும்.

காரைக்குடியில் கார் எடுக்கும்போது ஷோரூமில் இருந்த பெண்ணிடம் அந்தக் கடிதத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது இங்கே செல்லாது" என்றது. பாவம், அது பார்த்ததே இல்லை. நான் விடவில்லை. கம்பெனி கிளையில் நேரே போய்க் கொடுத்து, அவர்கள் மதுரைக்கு அனுப்பி, மூன்று வாரம் நடந்தேன், கடைசியில் 50 கொடுத்தார்கள். 55 கேட்டேன், சிரித்தார்கள். இங்கே உச்சம் 50 என்றால் 50தான்.

லண்டன் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் கவனியுங்கள், அங்கே பெரும்பாலான கம்பெனிகள் கார் இல்லாமல் 2 வருஷம் தாண்டினால் பழைய நோ கிளெய்ம்ஸை எடுத்துக்கொள்வதில்லை. இந்த விஷயத்தில் நாம் தாராளம்.

பேட்டைக்காரி:

ஆன்லைனில் பாலிசி எடுக்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று நானே வருகிறேன். அந்தப் பக்கத்தில் "உங்கள் முந்தைய என்சிபி எவ்வளவு" என்று ஒரு கட்டம் வரும். எங்கள் அண்ணன் அதில் 50-ஐத் தட்டிவிட்டான், அவனுக்கு இருந்தது 20. நடுவில் ஒரு கிளெய்ம் வாங்கியதில் அதுவும் போயிருந்தது. விலை குறைந்து காட்டியதும் ஒரே சந்தோஷம். எட்டு மாசம் கழித்துத் திருமயம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்து, ரேடியேட்டர் வரை போய்விட்டது. கிளெய்ம் போட்டால், பழைய கம்பெனியிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்ன என்சிபி பொய், ஓடி பலன் எல்லாம் ரத்து என்று மெயில் வந்தது. கையெழுத்துப் போட்ட உறுதிமொழியில் அப்படித்தான் இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. 61,000 ரூபாய் அவன் கைக்காசு. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பள்ளத்தூர் ஐயா, கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள், 45 என்றால் 45. அப்புறம் ஷோரூமில் அவர்களாகப் போட்டுத் தருகிற இன்சூரன்ஸில் என்சிபி சைபர் என்றுதான் வரும், நீங்கள் கடிதத்தைக் காட்டிய பிறகு மறுபடி போடச் சொல்ல வேண்டும். வண்டிச் சாவி வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்த பிறகு காட்டினால் பிரயோஜனம் இல்லை.

பள்ளத்தூர்க்காரன்:

மாசி பிறந்துவிட்டது, நாளைக்கு ரயில். கேட்டவர்களுக்காக, கடைசியில் என்ன நடந்தது என்று எழுதிவிட்டுப் போகிறேன்.

தை 2 அன்று வண்டி கைமாறியது. தம்பி பாலிசியையும் தன் பெயருக்கு மாற்றிக் கேட்டார், 12 நாளுக்கு என்சிபி வித்தியாசம் என்று கம்பெனி வாங்கியது ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசுகூட இல்லை. மறுவாரமே அவரையும் கூட்டிக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸ் போய் எழுதிக் கொடுத்துவிட்டோம். பெயர் மாறிய ஆர்சி வந்த அன்றைக்கே, கேட்காமலேயே போட்டோ அனுப்பினார். நல்ல பையன், இவரைப் போய்க் காக்க வைக்கப் பார்த்தேனே.

கடிதம்தான் இழுத்தது. முதல் தடவை போனபோது, அப்படி ஒரு கடிதம் தருவதில்லை, அடுத்த வண்டி வாங்கும்போது சிஸ்டத்தில் தானாக வரும் என்றார் கவுன்டரில் இருந்தவர். நான் அசையவில்லை. ரஸ்தா அண்ணன் போனில் சொல்லிக் கொடுத்த மாதிரி, விண்ணப்பத்தை இரண்டு நகல் எழுதி ஒன்றில் சீல் போட்டுக் கொடுங்கள், தராவிட்டால் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதுகிறேன், அதற்கு மேல் பீமா பரோசாவில் (இன்சூரன்ஸ் ஆணையத்தின் புகார் தளம்) பதிவு பண்ணுகிறேன் என்றேன். சீல் போடும் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் கடிதம் வந்தது, பிரித்துப் பார்த்தால் என் பெயரில் இனிஷியல் தப்பு. ஆர்சியில் இரண்டு எழுத்து, கடிதத்தில் ஒன்று. சின்ன விஷயம்தானே சார் என்றார். 2 வருஷம் கழித்து இன்னொரு கம்பெனி ஆள் கையில் அந்தக் காகிதம் இருக்கும்போது அவருக்கு அது சின்ன விஷயமாக இருக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலு நாளில் திருத்தி வந்தது. பெயர், பழைய வண்டி நம்பர், பாலிசி நம்பர், 45 சதவீதம், எந்தத் தேதி வரை செல்லும் என்பது, எல்லாம் சரியாக இருக்கிறது. காகிதம் மங்கிவிடும் என்று ஆச்சி சொன்னதால் லேமினேட் பண்ணப் போனேன், அசலை லேமினேட் பண்ணாதீர்கள் என்று கடைக்காரத் தம்பியே தடுத்து இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அசல் வீட்டுப் பத்திரத்தோடு பெட்டிக்குள், ஒரு நகல் பையனிடம், போட்டோ என் போனில்.

இன்று சாயங்காலம் கொட்டகையைப் பூட்டப் போனேன். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது, வண்டி நின்ற இடத்தில் வட்டமாக. வளவு வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு மூலையெல்லாம் பார்த்தேன், எலி இல்லை.